நாங்கள் கேட்டது ஒரே ஒரு அமாவாசை ராத்திரி

காட்டு ஓய்வு விடுதியில் ராத்திரி வானத்தைப் படம் எடுக்க எங்களுக்கு அனுமதி தரவில்லை என்று, சனிக்கிழமை அனுபவத்தைப் பற்றி நான் போட்ட பதிவுக்குக் கீழே நடந்த சண்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர் அந்தப் பதிவை எடுத்து, யாரோ சர்ச் லைட் அடித்து யானையை விரட்டும் காணொளியோடு சேர்த்து, "இவங்களும் அவங்களும் ஒண்ணுதான்" என்று போட்டிருக்கிறார். அதற்கு என் நண்பர்கள் இரண்டு பேர் லைக் போட்டிருக்கிறார்கள். என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டது என்ன? அமாவாசையை ஒட்டி ஒரு ராத்திரி. நான்கு பேர். காட்டுக்குள் சுற்ற அல்ல. காட்டின் வெளிவட்டத்தில் இருக்கும் ஓய்வு விடுதியின் வேலிக்குள்ளே கேமரா முக்காலியை வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்க. வண்டி சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே போகும், காலை ஆறரைக்கு வெளியே வரும். நடுவில் ஒருவரும் வேலியைத் தாண்டுவதில்லை. ஒரு காவலர் கூடவே இருக்கட்டும், அதற்கான கட்டணத்தைக் கட்டிவிடுகிறோம் என்றும் எழுதிக் கொடுத்தோம். மூன்று மாதம் வனத்துறை அலுவலகத்துக்கு அலைந்தோம். கடிதத்தை மூன்று முறை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் போனில் பதில் வந்தது. "போட்டோ பெர்மிஷன்னா பகல்தான் சார். ராத்திரியில என்ன போட்டோ?"

அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. அனுமதி இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் இத்தனை வலித்திருக்காது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சரணாலயத்துக்குள் எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்ற பட்டியலில், ஆராய்ச்சி, சுற்றுலா இவற்றோடு புகைப்படம் எடுப்பதும் தனியாகவே இருக்கிறது. 35ஆம் பிரிவு அதைத் தேசியப் பூங்காக்களுக்கும் பொருத்துகிறது. வாழிடத்தை மாற்றக் கூடாது, விலங்குகளுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று 2022 திருத்தத்தில் சேர்த்தார்கள். நல்ல காரியம். பகலில் மட்டும் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. நேரம், இடம், நிபந்தனை எல்லாவற்றையும் அனுமதி தருபவர் முடிவு செய்யலாம். முடிவு செய்யுங்கள், நிபந்தனை போடுங்கள் என்றுதான் கேட்டோம். எத்தனை கடுமையாகப் போட்டாலும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தோம்.

"ராத்திரி காடு விலங்குகளுக்கானது, உனக்கானது இல்லை" என்று ஒரு நாற்பது பேராவது எழுதியிருந்தீர்கள். ஒப்புக்கொள்கிறேன். முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். கர்நாடகாவில் பந்திப்பூர் காட்டுச் சாலையை 2009இலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மூடி காலை ஆறு மணிக்குத் திறக்கிறார்களே, அதை ஆதரித்து இதே பக்கத்தில் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்! 2022இல் சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதையில் ராத்திரிப் போக்குவரத்தை நிறுத்தியபோது என் சொந்தக்காரர்களே என்னோடு பேசவில்லை. மைசூர் பக்கம் லோடு அனுப்புகிறவர்கள் அவர்கள். அப்போது எனக்குக் கைதட்டியவர்கள்தான் இப்போது காட்டை அழிக்க வந்தவன் என்கிறார்கள்.

புலிகள் காப்பகங்களில் இரவுச் சுற்றுலா கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 நவம்பரில் சொல்லிவிட்டது, அப்புறம் என்ன என்று ஒரு வழக்கறிஞர் கேட்டிருந்தார். ஜீப்பில் ஏறி விளக்கடித்துப் புலியைத் தேடுவதுதான் நமக்குத் தெரிந்த இரவுச் சுற்றுலா. அதை நிறுத்தியது மிகவும் சரி. வேலிக்குள் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதையும் அதே பெயரில் அடைக்கலாமா என்பதுதான் என் கேள்வி. கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொன்னால் தலைவணங்கிப் போய்விடுகிறேன். "ராத்திரியில என்ன போட்டோ" என்பது சட்டம் இல்லையே.

வானத்தைப் படம் எடுப்பது எப்படி என்று தெரியாமல்தான் பாதிப் பேர் திட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அகன்ற லென்ஸ், அதன் திறப்பு பெரிதாக (எஃப் 2.8), ஒளியுணர்வு அதிகமாக (ஐஎஸ்ஓ 3200), ஒரு படத்துக்கு இருபது விநாடி. அந்த இருபது விநாடியில் எங்கோ தூரத்தில் ஒரு கார் விளக்கு திரும்பினாலும் படம் போச்சு. பக்கத்தில் ஒருவர் செல்போனைத் திறந்தால், கண் பழைய இருட்டுக்குத் திரும்பி வர இருபது முப்பது நிமிடம் ஆகும். பிளாஷ் கிடையாது, டார்ச் கிடையாது, பேச்சுகூடக் குறைவு. சர்ச் லைட் அடிப்பவனோடு எங்களைச் சேர்த்துவைத்தவருக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன்: வெளிச்சத்தைக் கண்டால் அந்த யானைக்கு அடுத்தபடி அதிகம் பதறுபவர்கள் நாங்கள்தான்.

"வெளியே நின்று எடுக்க வேண்டியதுதானே?" வெளியே எங்கே இருட்டு இருக்கிறது, சொல்லுங்கள். நான் வேலை செய்யும் விசைத்தறிக் கூடத்துக்கு மேலே சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்இடி வந்ததிலிருந்து கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையே தேட வேண்டியிருக்கிறது. வெள்ளை எல்இடியில் நீல ஒளி அதிகம். அது காற்றில் அதிகமாகச் சிதறும். ஊருக்கு ஊர் ஒரு வெளிச்சக் குடை கவிழ்த்தது போல் வானம் வெளுத்துக் கிடக்கிறது. மீதி இருக்கும் இருட்டு மலையில்தான் இருக்கிறது, காட்டில்தான் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் மாதங்களும் நமக்குக் குறைவு. சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பால்வீதியின் நடுப்பகுதி தென்கிழக்கில் எழும், ஒரு மணிக்கு நன்றாக மேலே வந்துவிடும். அதே ராத்திரி தெற்கே அடிவானத்துக்கு மேல், கையை நீட்டிப் பார்த்தால் ஒரு சாண் உயரத்தில், தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் அதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். நமக்கு வீட்டு வாசலில் கிடைத்த வரம் அது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை மேகம் ஏறிவிட்டால் மலையில் கதை முடிந்தது. வருடத்துக்கு மூன்று நான்கு அமாவாசை, அவ்வளவுதான்.

காட்டுத்தீ பயம் ஒரு பெரிய விஷயம், அதை நான் தள்ளவில்லை. தீக்காலத்தில் மூடினால் மூடட்டும். கோடை மழை விழுந்தபிறகு மே மாதத்தில் கொடுங்கள்.

2019இல் வேறொரு மலையில், முறையாகப் பதிவு செய்து ஓய்வு விடுதியில் தங்கி, அதன் முற்றத்திலேயே படம் எடுத்தேன். கூட ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் இருந்தார். அந்த மலையிலேயே பிறந்தவர். முதல் படத்தைத் திரையில் காட்டியதும், "இந்தக் கறுப்புக் கோடு எங்களுக்கும் தெரியுங்க சார்" என்று பால்வீதிக்கு நடுவே ஓடும் தூசிப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் வடகிழக்கே இருந்த ஊர் வெளிச்சத்தின் மங்கலான ஆரஞ்சு நிறத்தைக் காட்டி, "இது மட்டும் புதுசு. நான் சின்னப் பையனா இருக்கும்போது இங்க ஒண்ணுமே தெரியாது" என்றார். 2023இல் அதே இடத்தில், அதே லென்ஸில், அதே அளவுகளில் மறுபடி எடுத்தேன். அந்த ஆரஞ்சு இப்போது வெள்ளை, உயரமும் இரண்டு மடங்கு. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கேதான் போட்டேன். பதினாறு லைக் வந்தது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மரம் வெட்டினால் அடிக்கட்டை தெரியும், மண் அள்ளினால் குழி தெரியும். இருட்டைத் திருடினால் எதுவும் தெரியாது. அதைப் பார்த்துப் பதிவு செய்ய ராத்திரியில் அங்கே ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனைமலை உலாந்தி சரகத்தில் மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி அணைவதை 2022இல் எல்லோரும் ஆச்சரியமாகப் பகிர்ந்தோமே. ஆணும் பெண்ணும் கண்டுபிடித்துக்கொள்வது அந்த மினுக்கில்தான். வெளிச்சம் வந்தால் அது முடிந்தது. நாங்கள் கேட்கும் இருட்டும் அந்தப் பூச்சிக்கு வேண்டிய இருட்டும் ஒன்றுதான்.

சனிக்கிழமை நாங்கள் உள்ளே போகவில்லை. எல்லைக்கு வெளியே ஊர்ச் சத்திரத்தில் தங்கினோம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தனியார் விடுதி. ராத்திரி பன்னிரண்டரை வரை பாட்டு, வானத்தை நோக்கிப் பச்சை லேசர், மரங்களுக்குக் கீழிருந்து மேலே அடிக்கும் ஃபோகஸ் விளக்கு. அது பட்டா நிலமாம், யாரும் எதுவும் கேட்க முடியாதாம். விளக்கே வேண்டாம் என்று மூன்று மாதம் மனுப் போட்டவனுக்கு அனுமதி இல்லை. இதை எழுதியதற்குத்தான் "உன் வயிற்றெரிச்சல்" என்றார்கள். ஆமாம், எரிகிறது. மறைக்கவில்லை.

நான்கு பேருக்குக் கொடுத்தால் நானூறு பேர் வருவார்கள் என்கிறீர்கள். இதுதான் நியாயமான பயம், எனக்கும் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த நமக்குத் தெரியாதா? 2024இல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. கூட வழிகாட்டியும் வருகிறார். தீக்காலத்தில் நிறுத்துகிறார்கள். அதையே வருடத்துக்கு ஐந்து ராத்திரி, ராத்திரிக்கு ஆறு பேர் என்று செய்ய முடியாதா? லடாக்கில் ஹான்லே இருண்ட வான் காப்பகம், அதாவது வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி ராத்திரி வானத்தைக் காக்கும் இடம், 1,073 சதுர கிலோமீட்டர். அது சாங்தாங் வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளேதான் இருக்கிறது. அங்கே கிராமத்து ஆட்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி கொடுத்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்ட வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் நாட்டின் முதல் சர்வதேச இருண்ட வான் பூங்கா ஆனது. புலி இருக்கும் காடுதான் அதுவும். சுற்றியிருக்கும் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளைத் தரையைப் பார்க்கும்படி மாற்றினார்கள். அமெரிக்காவில் வைட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவை ராத்திரியில் மூடிவிடுவார்கள், ஆனாலும் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் கூடுதல் நேரம் இருந்து படம் எடுக்கலாம். நம் கொல்லிமலையிலும் ஓர் இருண்ட வான் பூங்கா அமைப்பதாக அரசே அறிவித்திருக்கிறது. அறிவிப்பைக் கேட்டு நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன்.

"பணக்காரப் பொழுதுபோக்கு" என்று எழுதியவருக்கு மட்டும் நேற்று முழுவதும் பதில் எழுதி எழுதி அழித்தேன். நான் தறிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். கேமரா பழையது, பத்துத் தவணையில் வாங்கினேன். லென்ஸ் நண்பருடையது. முதல் வானத்தை எனக்குக் காட்டியது கேமராவும் இல்லை, எங்கள் அப்பத்தா. தாராபுரம் பக்கம் தோட்டத்து வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மணி பார்க்கத் தெரியாமலே, கார்த்திகைக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்து நேரம் சொல்லுவாள். நெஞ்சுக்கு மேலே பால்வீதியின் அந்த வெள்ளைப் புகை முழுவதும் இருக்கும். எத்தனை ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போயிருக்கிறேன். ஒரு பைசா செலவில்லை. அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது நூற்பாலை. அதே வாசலில் என் மகள் நின்று பார்த்தால் பன்னிரண்டு நட்சத்திரம் எண்ணுகிறாள்.

அவளுக்கு ஒன்பது வயது. போன மாதம் பள்ளியில் பால்வீதி வரையச் சொன்னார்கள். நான் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தாள். "நீ பார்த்தியாப்பா நிஜமா? கேமரா இல்லாம தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. என் பிள்ளையே நம்பவில்லை.

பணக்காரனுக்கு ஹான்லே போக விமானம் இருக்கிறது, வைட் சாண்ட்ஸ் போக விசா இருக்கிறது. உள்ளூர்க் காட்டில் ஓர் இரவு கேட்டு மனுப் போட்டு நிற்பவன் யார் என்று யோசித்துவிட்டு அந்த வார்த்தையை எழுதியிருக்கலாம்.

லைக் போட்ட இரண்டு பேருக்கும் நான் போன் செய்யவில்லை. செய்யப் போவதும் இல்லை. மனு இன்று காலை மறுபடியும் பதிவுத் தபாலில் போயிருக்கிறது, வைகாசி அமாவாசைக்கு. போன முறை கிடைத்த வாய்மொழிப் பதிலை எழுத்தில் தரும்படியும் கேட்டிருக்கிறேன். 2019, 2023 படங்கள் இரண்டையும் பெரிதாக அச்சுப் போட்டு இணைத்திருக்கிறேன். நான்கு பெயர்களில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒரு நண்பர் தன் இடத்தை என் மகளுக்கு விட்டுக் கொடுத்தார்.