கிளிநொச்சி நகருக்குள் ஒரு மணி நேர ரிக்கற் வேண்டும்

கிளிநொச்சிக்கு அலுவலாக வருகிறவர்கள் ஒரே இடத்தோடு திரும்புவதில்லை. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனால் ஒரு கடிதம் குறைகிறது என்பார்கள். அதற்குப் போட்டோக்கொப்பிக் கடை, பிறகு வங்கி, மருந்து எடுக்க வைத்தியசாலை, கடைசியில் சந்தை. கரடிப்போக்குச் சந்தியிலிருந்து இரணைமடுச் சந்திப் பக்கம் வரை நகரம் ஏ9 வீதியோடு ஒரே நீட்டுக்குக் கிடக்கிறது. நடக்கத் தூரம், ஓட்டோ பிடிக்கக் கிட்ட. பஸ்ஸில் ஏறினால், ஏறுகிற ஒவ்வொரு முறையும் ஆகக் குறைந்த கட்டணத்தைப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கட்டணம் 2022 ஜூலையில் 40 ரூபாவுக்கு ஏறியது. 2024 ஜூலையில் 28 ரூபாவுக்கு இறங்கியது. குறைந்தது நல்லதுதான். ஆனால் நகருக்குள் நாலு இடம் போகிற ஏழைக்கு அது நாலு தரம். அப்போது 30 ரூபாய் கொடுத்தால் மிச்சக் காசு வருவதும் அரிதாக இருந்தது.

காசை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. ஏ9இல் ஓடுகிற தூர பஸ்களுக்கு இந்தக் கிட்டத்து ஆட்கள் வேண்டாதவர்கள். போன மாதம் சந்தையடியில் ஒரு அம்மா நின்றார். கையில் பிளாஸ்ரிக் ஃபைல், ஒரு கால் செயற்கைக் கால். பஸ் மெதுவாகியது. "எங்க அம்மா?" என்று கொண்டக்டர் கேட்டார். "கச்சேரியடி தம்பி" என்றதும், "பின்னால வாற பஸ்ஸில வாங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைத் தட்டிப் போகவிட்டார். பின்னால் வந்த பஸ் நிற்கவே இல்லை. அந்தப் பெடியனை மட்டும் குறை சொல்லமாட்டேன். அடுத்த பஸ்ஸோடு போட்டி போட்டு ஓடுகிறவனுக்கு அவர் ஒரு நிமிட நட்டம். ஆனால் போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழ்கிற மண்ணில் இது நடக்கக் கூடாது.

வெளியூர்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பெர்லினில் குறும்பயண ரிக்கற் என்றே தனியாக உண்டு: ரயிலில் 3 தரிப்பு, பஸ்ஸிலோ டிராமிலோ 6 தரிப்பு, விலை சாதாரண ரிக்கற்றை விடக் குறைவு. லண்டனில் ஒரு தரம் காசு கட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறி ஏறலாம். 2016இல் ஒரு மாற்றத்தோடு தொடங்கி, 2018இல் கணக்கில்லாமல் திறந்துவிட்டார்கள். மெல்பேணில் 2015இலிருந்து நகர மையத்துக்குள் டிராம் இலவசம்.

எங்களுக்குப் பொருந்துவது லண்டன் முறைதான். அலுவலுக்கு வருகிறவர் தரிப்பை எண்ணிப் போவதில்லை, ஏறி இறங்கித்தான் போகிறார். மெல்பேண் போல மையத்துக்குள் மட்டும் இலவசம் என்றால், பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் லாபம். அக்கராயனிலிருந்தும் பூநகரியிலிருந்தும் தர்மபுரத்திலிருந்தும் வருகிறவர் வரும்போதே நிறையக் கொடுத்துவிட்டார். அவர் வந்த பஸ்ஸின் ரிக்கற்றைக் காட்டினால் நகருக்குள் ஒரு மணி நேரம் சும்மா போகவிட வேண்டும். அதற்கு முதல், எல்லா பஸ்ஸிலும் ரிக்கற் கிழித்துத் தர வேண்டும். காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் இருக்கும்வரை எந்தத் திட்டமும் ஓடாது.

பஸ்காரருக்கு நட்டம் வரும் என்று சிலர் சொல்வார்கள். சரி, தூர பஸ்ஸின் தலையில் இதைக் கட்டத் தேவையில்லை. பரந்தனிலிருந்து இரணைமடுச் சந்தி வரை போய்த் திரும்புகிற ஒரு சின்ன பஸ் போதும், தாழ்ந்த படியோடு. அலுவலக நேரத்தில் மட்டும் ஓடட்டும். நட்டம் வந்தால் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையும் கரைச்சிப் பிரதேச சபையும் பகிரட்டும். வீதிக்கு விளக்குப் போடுவதை யாரும் நட்டம் என்று கணக்குப் பார்ப்பதில்லையே.

இதை வாசிக்கிற பிரதேச சபை உறுப்பினர்கள் யாராவது இருந்தால் அடுத்த அமர்வில் பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். மூன்று மாதம் ஒரு பஸ்ஸை விட்டுப் பார்க்கக் கேளுங்கள். எந்தத் தரிப்பில் ஆட்கள் கூட நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள், பிரதேச சபைக்கு நான் எழுதுகிற கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.