அரை ஸ்பூன் எப்படி ஒன்றிரண்டு ஸ்பூன் ஆகிறது

தட்டுவடைக் குறிப்பு ஒன்றில் "1/2 ஸ்பூன் பெருங்காயம், 3/4 கப் பொட்டுக்கடலை மாவு" என்று இருக்கிறது. கண்ணால் படிப்பவருக்குச் சிக்கல் இல்லை. அதே வரியை பார்வையற்ற ஒருவர் போனில் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைச் சத்தமாகப் படிக்கும் மென்பொருள்) வழியாகக் கேட்கிறார். நிறுத்தக்குறிகளையும் குறியீடுகளையும் எவ்வளவு வாசிக்க வேண்டும் என்பது அவரவர் அமைப்பு. சளசளப்பு வேண்டாம் என்று குறைத்து வைத்திருந்தால் சாய்கோடு விழுங்கப்படும். அவர் காதில் விழுவது "ஒன்று இரண்டு ஸ்பூன் பெருங்காயம், மூன்று நான்கு கப் பொட்டுக்கடலை மாவு".

தமிழில் இது கூடுதல் ஆபத்து. "ஒண்ணு ரெண்டு", "மூணு நாலு" எல்லாம் நம் பேச்சில் முழு அர்த்தம் உள்ள தொடர்கள். "ஒண்ணு ரெண்டு ஸ்பூன் போடு" என்று வீட்டில் தினமும் சொல்கிறோம். அதனால் கேட்பவருக்கு ஏதோ தப்பு நடந்தது என்ற சந்தேகமே வராது. அரை ஸ்பூன் ஒன்றிரண்டு ஸ்பூன் ஆகிவிடும், தட்டுவடை கசக்கும். பெருங்காயத்தோடு போனால் பரவாயில்லை. சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்குத் தெளிக்கிற போர்டோ கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை சதவீதக் கலவை என்றால் 200 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம். "1/2%" என்று எழுதி, அது "ஒன்று இரண்டு சதவீதம்" என்று கேட்டால் அதே 200 லிட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரை போகும்.

இதற்கு என் பதில் தொழில்நுட்பத்தில் தொடங்கவில்லை. தமிழில் பின்னத்துக்குச் சொல் இருக்கிறது, அதை எழுதுங்கள். கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டேகால், இரண்டரை. எந்த போன், எந்த எழுத்துரு, எந்தக் குரல் இயந்திரம் என்றாலும் "ஒன்றரை" ஒன்றரைதான். தேடினால் கிடைக்கும், நகலெடுத்தால் உடையாது, பெரிதாக்கினால் மங்காது. அரைக்கால் வரைக்கும்கூட வாசகருக்குப் புரியும். ஒரு பவுன் 8 கிராம், அரைக்கால் பவுன் 1 கிராம் என்று நகைக்கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே மாகாணி, மா, காணி, முந்திரி என்று போனால் இன்று பலருக்கும் தெரியாது. "முக்காலே மூணு வீசம்" என்று சொல்கிறவர்களிலேயே அது 15/16 என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே ஓடுகிற உரையில், அதாவது சமையல் குறிப்பு, மருந்தளவு, நில விளம்பரம், செய்தி ஆகியவற்றில், கால் பங்குகள் எல்லாம் சொல்லாகவே இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் இரண்டு பங்கு என்பவையும் அப்படியே. தமிழில் பகுதி (கீழே நிற்கும் எண்) முதலில், தொகுதி (மேலே நிற்கும் எண்) பின்னால். இந்த வரிசை இயந்திரத்துக்குத் தானாக வரும் என்று நம்ப முடியாது, நாம்தான் எழுத வேண்டும்.

சிலர் தசமத்துக்குத் தாவுவார்கள். 0.5 நல்ல வழிதான், ஆனால் முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம். ".5" என்று எழுதிப் புள்ளி வாசிக்கப்படாமல் போனால் பத்து மடங்கு.

எண்ணாகத்தான் எழுத வேண்டும் என்ற இடங்கள் உண்டு. விலைப்பட்டியல், அளவு அட்டவணை, கணக்குப் பாடம். அங்கே என்னென்ன வழி, எது எங்கே உடையும் என்று பார்ப்போம்.

முதல் வழி, ½ ¼ ¾ என்ற தயார் எழுத்துகள். இந்த மூன்றும் கணினியில் வெகுகாலமாக இருப்பவை, ஏறக்குறைய எல்லா எழுத்துருவிலும் உண்டு. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோடு முறையில் மூன்றில் பங்குகள், ஐந்தில் பங்குகள், எட்டில் பங்குகள், 1/6, 5/6, 1/7, 1/9, 1/10 ஆகியவற்றுக்கும் தனி எழுத்து உண்டு. ஆனால் இந்த வகையில் பதினாறில் பங்கு எதற்கும் கிடையாது. சேலத்து ஹார்டுவேர் கடை ஒன்றின் போல்ட் பட்டியலைக் கற்பனை செய்யுங்கள்: 1/4, 5/16, 3/8, 1/2 இன்ச். இதில் மூன்றுக்குத் தயார் எழுத்து இருக்கிறது, 5/16-க்கு இல்லை. மூன்று வரி ஒரு அழகில், ஒரு வரி வேறு அழகில் நிற்கும். தேடல் பெட்டியில் "1/2" என்று அடிப்பவருக்கு ½ இருக்கிற வரி அகப்படாமலும் போகலாம். ஒரே பட்டியலில் இரண்டு முறையைக் கலக்கவே கூடாது. இங்கே எல்லாமே சாய்கோட்டில் இருப்பதுதான் சரி. பக்கத்தில் பட்டறை மொழியும் இருந்தால் இன்னும் நல்லது. எட்டு நூல் ஒரு இன்ச் என்பதால் இவை ரெண்டு நூல், ரெண்டரை நூல், மூணு நூல், நாலு நூல். கேட்பவருக்கும் குழப்பம் தீர்ந்தது. வரிசைப்படுத்த மட்டும் 0.25, 0.3125, 0.375, 0.5 என்று தனிப் பத்தி ஒன்று பின்னால் இருக்கட்டும். இல்லாவிட்டால் மென்பொருள் எழுத்து வரிசையில் அடுக்கி 1/2-ஐ 1/4-க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும்.

தயார் எழுத்துகளின் இன்னொரு குறை அளவு. சின்ன போனில் ⅜, ⅝, ⅞ மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் எண்கள் வழக்கமான எண்ணைவிட மிகச் சிறியவை. வெள்ளெழுத்து உள்ளவருக்கு மூன்றும் ஒன்றுதான்.

கலப்பு பின்னத்தில்தான் பெரிய விபத்து. 1½ என்று ஒட்டி எழுதியதைச் சில மென்பொருள்கள் எளிய வடிவுக்குப் பிரிக்கும். யுனிகோடின் இணக்க இயல்பாக்கம் ½-ஐ 1⁄2 என்று மூன்று எழுத்தாக்கும். முன்னால் நிற்கும் 1 அதோடு ஒட்டிக்கொண்டு 11⁄2 ஆகிவிடும். ஒன்றரை பவுன் 12 கிராம்; பதினொன்றின் பாதி ஐந்தரை பவுன், 44 கிராம். மேலெழுத்து, கீழெழுத்து டேக் போட்டு அழகாக அடுக்கியதை வாட்ஸப்புக்கு நகலெடுத்தாலும் இதே கதி, அலங்காரம் உதிர்ந்து 11/2 மட்டும் மிஞ்சும். மருந்து ஏதும் பெரிதில்லை, முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. சாதாரண இடைவெளி என்றால் வரி முடிவில் 1 மேலேயும் 1/2 கீழேயும் பிரிந்துவிடும், அதனால் உடையாத இடைவெளி, யுனிகோடில் 00ஏ0. ஒடுக்கமாக வேண்டுமானால் 202எஃப். சிலர் இடைவெளிக்குப் பதில் 1-1/2 என்று கோடு போடுகிறார்கள். பைப் கடைகளில் இது ரொம்பவே வழக்கம். அது "ஒன்றிலிருந்து அரை வரை" என்றும் படிக்கலாம், "ஒன்றில் அரை போக" என்றும் படிக்கலாம். விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி, எழுத்தாக 1/2 என்றே வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் இணையப் பக்கத்தின் அலங்கார மொழியான சிஎஸ்எஸ்ஸில் மாற்றுவது. ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக் என்ற பண்புக்கு டயகனல்-ஃப்ராக்‌ஷன்ஸ் என்று மதிப்புக் கொடுத்தால், எழுத்துருவில் அந்த வசதி இருக்கும்பட்சத்தில், எண்கள் சுருங்கிச் சாய்வாக நிற்கும். இல்லாவிட்டால் வெறும் 1/2 ஆக இருக்கும், நட்டமில்லை. நகலெடுத்தாலும் தேடினாலும் 1/2 தான். இணைய உரையில் எனக்குப் பிடித்த முறை இதுவே, ஒரு நிபந்தனையோடு: பின்னத்தை மட்டும் ஸ்பான் டேக்கில் சுற்றி அதற்கு மட்டும் கொடுங்கள். முழுப் பக்கத்துக்கும் கொடுத்தால் 12/5/2024 நசுங்கும், பட்டாவில் இருக்கும் புல எண் 112/3 நசுங்கும். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சொல்ல 10/20 என்று எழுதினால் அதுவும் பின்னமாகும். (பத்தாவது வளைவில் பாதி ஏறியாச்சு என்ற அளவில் கணக்கு சரிதான்.)

தானியங்கித் திருத்தமும் இதே வம்பைச் செய்கிறது. வேர்டில் 1/2, 1/4, 3/4 அடித்தால் கேட்காமலே ½, ¼, ¾ ஆக்கிவிடும். கிராமத்துக் கதவு எண்ணில் பாதி இந்த மாதிரிதான்: "1/4, பிள்ளையார் கோயில் தெரு". கல்யாணப் பத்திரிகையில் கால் வீட்டுக்கு அழைப்பு போகும். எக்ஸெல் இன்னும் மோசம். நம் நாள்-மாத வரிசை அமைப்பில் 3/8 அடித்தால் ஆகஸ்ட் 3, 1/4 அடித்தால் ஏப்ரல் 1. உள்ளே தேதி எண்ணாகச் சேமித்துவிட்டதால், பிறகு அந்தக் கட்டத்தை எழுத்து வடிவுக்கு மாற்றினாலும் நாற்பதாயிரத்துக்கு மேலே ஏதோ ஒரு எண்தான் நிற்கும். அடிப்பதற்கு முன்பே பத்தியை எழுத்து வடிவாக்க வேண்டும், அல்லது பூஜ்ஜியம், இடைவெளி, 3/8 என்று அடிக்க வேண்டும். அப்போது 0.375 ஆகச் சேமித்து 3/8 ஆகக் காட்டும்.

பின்னத்துக்கென்றே ஒரு தனிச் சாய்கோடு உண்டு, யுனிகோடு 2044. இதைப் போட்டாலே குரோமும் ஃபயர்ஃபாக்ஸும், எழுத்துரு இடம் கொடுத்தால், இரு பக்க எண்களையும் தாமாகச் சுருக்கும். இலக்கணப்படி இதுதான் சரி. ஆனால் விசைப்பலகையில் இல்லாத குறி. சாதாரண சாய்கோட்டோடு தேடுபவருக்கு அகப்படாது. அதனால் ஓடுகிற உரைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கணக்குப் பாடம் எழுதும் ஆசிரியர்கள் வேறு கட்சி. தொகுதி மேலே, பகுதி கீழே, நடுவில் கோடு என்று பாடநூலில் இருப்பது போலத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அதற்குப் படம் எடுத்து ஒட்டுவது இன்னும் நடக்கிறது. மாற்று உரை இல்லாத படம் பார்வையற்ற மாணவருக்கு வெற்றிடம், பெரிதாக்கினால் மங்கும். மேத்எம்எல் என்ற மொழியில் எம்ஃப்ராக் டேக்குக்குள் இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். குரோமில் இதற்கு ஆதரவு 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் அதற்கு முன்பே உண்டு. தனி வரியில் போடுங்கள். பத்தி நடுவே போட்டால் எண்கள் சிறுத்து, தமிழ் வரி இடைவெளியும் கோணலாகும்.

மேல்குறி ¹, கீழ்க்குறி ₂ ஆகியவற்றை ஒட்டி ஃபேஸ்புக்கில் பின்னம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ் உரையில் மேல்குறி எண்ணுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. அடிக்குறிப்பு எண் ஒன்று, சௌராஷ்டிர மொழியைத் தமிழெழுத்தில் எழுதுபவர்கள் க², க³ என்று ஒலி காட்டுவது இன்னொன்று. பின்னத்தையும் அங்கே நுழைக்க வேண்டாம்.

பழைய தமிழ்க் கோப்புகளை மாற்றுபவர்கள் கவனிக்க: யுனிகோடுக்கு முன்பு தமிழுக்குப் புழங்கிய டிஸ்கி குறியேற்றத்தில் ¼ இருந்த இடத்தில் ட, ½ இடத்தில் ண, ¾ இடத்தில் த. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "தமிழ்" என்ற சொல்லே முக்கால் குறியோடுதான் தொடங்கும். கலவையான கோப்பை ஒரே அடியாக யுனிகோடுக்கு மாற்றினால் ½ கிலோ "ண கிலோ" ஆகிவிடும்.

நம் சொந்தப் பின்னக் குறிகள் 2019-இல் யுனிகோடு 12-இல் சேர்ந்தன. 320-இல் ஒன்றான முந்திரி முதல் முக்கால் வரை. பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் பல போன்களில் வெறும் கட்டம்தான் வரும்; நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் போல அதற்கான எழுத்துருவை நீங்களே தளத்தில் ஏற்ற வேண்டும். தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் என்றால் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8-இல் இவை சேமியாது, யூடிஎஃப்8எம்பி4 வேண்டும். ஓலைச்சுவடி, கல்வெட்டுப் பதிப்புக்கு இவை அவசியம். விலைப்பட்டியலுக்கு வேண்டாம்.

இத்தனைக்கும் முன்னால் பக்கத்தின் மொழி. வாங்கிப் போட்ட வார்ப்புருவில் எச்டிஎம்எல் தொடக்கத்தின் லேங் பண்பு "ஈஎன்" என்றே கிடக்கும். தமிழ்ப் பக்கத்தைத் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும், அல்லது எண்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லும். "டிஏ" என்று மாற்றுங்கள், ஒரு நிமிட வேலை. ஸ்பான் டேக்கில் திரைவாசிப்பானுக்கு மட்டும் தெரியும் ஏரியா-லேபிள் என்ற பண்பைக் கொடுத்து "அரை" என்று சொல்ல வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பொருளற்ற வெறும் டேக்கில் அந்தப் பண்பை நம்ப முடியாது, சில வாசிப்பான்கள் கண்டுகொள்ளாது. மறைவாக "அரை" என்று எழுதி வைப்பதைவிட வெளியே தெரிகிற மாதிரி எழுதிவிட்டுப் போகலாமே.

சோதனைக்குச் செலவில்லை. ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்பில் டாக்பேக், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, இரண்டும் திரைவாசிப்பான்கள். தமிழ்க் குரலை வைத்து, திரையைப் பார்க்காத ஒருவரிடம் கேட்டு அளவுகளை மட்டும் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே பகுதியை வாட்ஸப்பில் ஒட்டுங்கள், பக்கத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். தாளில் இருப்பதும் மூலத்தில் இருப்பதும் எங்கே மாறுகிறதோ அந்த வரியைச் சொல்லாக மாற்றுங்கள். மருந்தளவும் தெளிப்பளவும் முதலில், பவுன் கணக்கு அடுத்து. தட்டுவடை மெதுவாக வரட்டும்.