உருஷி வெயிலில் காய்வதில்லை
உருஷி என்னும் மரப்பாலைக் கிண்ணங்களில் பூசி மெருகேற்றும் ஜப்பானியக் கைவினை பற்றிய கட்டுரையில், ஒவ்வொரு பூச்சையும் வெயிலில் நன்கு காயவைத்த பிறகே அடுத்த பூச்சைப் பூசுகிறார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது, அந்த வேலையின் அடிப்படையையே தலைகீழாக்கிவிடுகிறது. பெயின்ட்டைப் போலக் கரைப்பான் ஆவியாகி உருஷி காய்வதில்லை. அந்த மரப்பாலில் உள்ள லாக்கேஸ் என்னும் நொதி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு அதே பாலின் முதன்மைப் பொருளான உருஷியோலின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் அது இறுகுகிறது, அதற்கு ஈரக்காற்று இன்றியமையாதது. ஆகவேதான் பூசிய கிண்ணங்களை ஏறத்தாழ 20 முதல் 25 டிகிரி வெப்பமும் 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் உள்ள மர அலமாரியில் வைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் உருஷி வேலைக்குப் பெயர்பெற்ற ஜப்பானிய நகரமான வாஜிமாவில் நான் பார்த்த சிறு பட்டறையில், முதியவர் ஒருவர் அலமாரியின் உட்பலகைகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டே கிண்ணங்களை உள்ளே வைத்தார். பூச்சு ஒரு பக்கமாக வழிந்து திரளாதிருக்க, அவற்றைப் பொருத்திய சட்டம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஈரம் மிகுந்தாலும் தொல்லைதான். மேற்பரப்பு முந்திக்கொண்டு இறுகிவிட, பால் ஆடையைப் போலச் சுருக்கம் விழும், பிறகு தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் இதை நம் அரக்கு வேலையோடு ஒப்பிட்டிருக்கிறார். நம் அரக்கோ பூச்சி சுரக்கும் பிசின், சூட்டில் இளகி ஆறியதும் கெட்டிப்படுவது. இறுகிய உருஷியை எந்தச் சூட்டாலும் மீண்டும் இளக்க முடியாது. வெயில் அதன் மெருகைக் குலைக்கும் என்பதை, சன்னலோரம் வைத்திருந்த என் கருப்புக் கிண்ணம் ஒருபுறம் மட்டும் மங்கிப்போன பின்னரே நான் அறிந்தேன்.