பத்து வருஷ வாரண்டியாம்!

என் வெள்ளைக் காரோட பானெட்டைப் பார்த்தாலே வயிறு எரியுது. பிபிஎஃப், அதான் பெயிண்டைக் காப்பாத்த மேல ஒட்டுற கண்ணாடி மாதிரி ஃபிலிம், அதை ஒட்டின முன்பக்கம் பூரா பழைய பேப்பர் நிறத்துக்கு வந்துடுச்சு. ஒண்ணுமே ஒட்டாத கூரையும் கதவும் இன்னும் பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு! பம்பர் ஓரத்துல ஃபிலிம் தூக்கிக்கிச்சு. உள்ள பசையில மண் ஒட்டி, ஒரு கறுப்புக் கோடு. நகத்தால சுரண்டினாலும் போகல. முன்பக்கத்துக்கு மட்டும் அரை லட்சத்துக்கு மேல வாங்கினது இதுக்குத்தானா?

கடையில கேட்டா, "வெயில்ல நிறுத்தினா அப்படித்தான் சார்"ங்கிறாங்க. சென்னையில காரை வேற எங்கய்யா நிறுத்துறது? வெயில் தாங்காத சரக்கை இந்த ஊர்ல எதுக்கு விக்கிறீங்க?

டிபியூன்னு, அதாவது நல்ல பாலியூரித்தேன் ஃபிலிம்னு சொல்லி, டிபிஎச்ங்கிற மட்டமான ஃபிலிமை ஒட்டிவிடுற வேலை ஊரெல்லாம் நடக்குது. டிபிஎச்னா பெரும்பாலும் பிளாஸ்டிசைசர் சேர்த்து வளைய வச்ச பிவிசிதான். வெயில்ல அந்த பிளாஸ்டிசைசர் வெளியேற வெளியேற ஃபிலிம் விறைக்கும், சுருங்கும், ஓரம் தூக்கும். உரிச்சா துண்டு துண்டா கிழியும், பசை பெயிண்ட்லயே தங்கிடும். டிபியூலயும் ரெண்டு வகை இருக்கு: அலிஃபாட்டிக் வகைதான் சீக்கிரம் மஞ்சளாகாது, அரோமாட்டிக் வகை மஞ்சளாகிடும். ஒட்டின அன்னைக்கு எல்லாமே ஒரே மாதிரி மின்னும். அந்தத் தைரியம்தான் இவங்களுக்கு.

செல்ஃப் ஹீலிங்னு பிரஷால தேய்ச்சு வெந்நீர் ஊத்திக் காட்டுறாங்களே, அது மேல் கோட்டிங்ல விழுற மெல்லிய கீறலுக்கு மட்டும்தான். லாரி தெறிக்கிற ஜல்லியில ஃபிலிமே கிழிஞ்சா எந்த வெந்நீரும் ஒட்டவைக்காது. இதை எவன் சொல்றான்?

வாரண்டி கார்டுல மஞ்சள், வெடிப்பு, குமிழ் எல்லாத்துக்கும் கவர்னு பெருசா போட்டிருக்கு. கீழ பொடி எழுத்துல, குறிப்பிட்ட இடைவெளியில அதே கடையில காசு கட்டி மெயின்டனன்ஸ் செஞ்சிருக்கணுமாம். காக்கா எச்சமும் போர் தண்ணிக் கறையும் சேராதாம். தினமும் நம்ம கார் மேல விழுறதே அதுதானே!

ஃபிலிமோட ரோல் நம்பர் கேட்டேன். டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டாங்களாம். பில்லுல வெறும் "பிபிஎஃப் ஃப்ரண்ட் கிட்"னுதான் இருக்கு, எந்த வகைன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஒட்டுறதுக்கு முன்னாடியே ரோல் நம்பரையும் வகையையும் பில்லுல எழுதி வாங்குங்க. எழுதமாட்டேன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க.

இப்ப உரிச்சுக் கொடுக்கத் தனி சார்ஜ் கேக்குறாங்க. பெயிண்ட் பிஞ்சு வந்தா நாங்க பொறுப்பில்லன்னு கையெழுத்தும் வேணுமாம். காசும் தரமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன். பில், வாரண்டி கார்டு, போட்டோ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன்.