பி.எஃப். பிடித்தார்கள், கட்டினார்களா?

சம்பளச் சீட்டில் "பி.எஃப். 1,800" என்ற வருங்கால வைப்பு நிதி வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். நம் சம்பளத்தில் பணம் பிடித்துவிட்டார்கள் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. அது நம் கணக்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை பி.எஃப். பாஸ்புக்தான் சொல்லும்.

அப்பாவின் ஆபரேஷனுக்கு பி.எஃப்.பில் முன்பணம் எடுக்கலாம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் பாஸ்புக்கைத் திறந்தேன். செப்டம்பரோடு வரவு நின்றிருந்தது. கீழே வட்டி என்று ஒரு வரி, அவ்வளவுதான். நெட் சரியில்லையோ என்று மூன்று முறை மூடித் திறந்தேன். அதற்குப் பிறகு பதினோரு மாதம் தவறாமல் பிடித்திருக்கிறார்கள், ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. கேட்டால், "கம்பெனி கொஞ்சம் டைட்டா இருக்குங்க, சேர்த்துக் கட்டிடுவோம்."

கம்பெனிக்கு நெருக்கடி வரலாம், மறுக்கவில்லை. அதற்கு வங்கியில் கடன் வாங்கட்டும். என்னைக் கேட்காமல் என் கூலியிலிருந்து எடுத்துக்கொள்ள யார் உரிமை கொடுத்தது? தொழிலாளி பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வதைச் சட்டம் நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே பார்க்கிறது. அதைத் "தாமதம்" என்று சொல்ல நாமும் பழகிவிட்டோம்.

ஒரு மாதத்துச் சம்பளத்துக்கான பி.எஃப்.பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பாஸ்புக்கில் ஏறச் சில நாள் ஆகும். அதனால் 20ஆம் தேதிக்கு மேல் அரசின் உமங் ஆப்பிலோ, பி.எஃப்.பை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் தளத்திலோ பாருங்கள். பதிவு செய்த போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் மெசேஜ் வரும்தான். ஆனால் நடுவில் இரண்டு மாதம் விட்டுப்போயிருந்தால் அதில் தெரியாது. ஒவ்வொரு மாதத்து வரியையும் கண்ணால் பார்க்கணும்.

பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியையும் பார்க்காமல் விடாதீர்கள். 15,000 ரூபாய்க்கு பி.எஃப். கணக்கிட்டால் நம் பங்கு 12 சதவீதம், 1,800. முதலாளியும் 1,800 போட வேண்டும். அதில் 1,250 பென்ஷனுக்கு, 550 பி.எஃப்.புக்கு. மாதப் பென்ஷன் கிடைக்க 10 வருட சர்வீஸ் வேண்டும். இன்றைக்கு விட்டுப்போகிற மாதங்கள் 58 வயதில்தான் வலிக்கும். அப்போது அந்தக் கம்பெனியே இருக்குமோ என்னவோ.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று வரும். லாகின் தேவையில்லை. எங்கள் கம்பெனியைத் தேடியபோதுதான், தனியாக என் பெயர் மட்டும் விட்டுப்போகவில்லை, யாருக்குமே கட்டவில்லை என்று புரிந்தது. ஒன்பது பேர் சேர்ந்து சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மெண்டும் வைத்து இ.பி.எஃப்.ஓ. குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போட்டோம். ஐந்தாவது மாதம் மொத்தமும் ஏறியது. அப்பாவின் ஆபரேஷனுக்கு அது உதவவில்லை. தங்கையின் வளையல்தான் உதவியது.

கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பாஸ்புக் பார்க்க யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. இப்போதைய ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு பி.எஃப்.புக்கான யூ.ஏ.என். எண் சம்பளச் சீட்டில் இருந்தது, ஆக்டிவேட் செய்யவே இல்லை. நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்து முடித்தோம். நான்கு மாதம், நான்கு வரி. "எல்லாம் இருக்குண்ணா" என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினான்.