காய்ச்சல் போச்சு, இருமல் போகலை

காய்ச்சல் விட்டதும் ஆளாளுக்கு "அதான் சரியாகிடுச்சே" என்கிறார்கள். எங்கே சரியானது? திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. மிளகாய் தாளிக்கிற நெடி பட்டாலே இருமல். ராத்திரி படுத்தால் மூக்குச் சளி தொண்டையில் இறங்கி, இருமி இருமி விலாவெல்லாம் வலி.

வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாய் புண்பட்டுத்தான் இருக்கும். இருமல் 3 முதல் 8 வாரம் வரைகூட இழுக்கும். இது தெரியாமல் ஆன்டிபயாடிக் போடச் சொல்கிறார்கள். வைரஸுக்கு அது வேலையே செய்யாது! மூச்சுத் திணறினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, மறுபடி காய்ச்சல் அடித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும், சரி. மற்றபடி ஓய்வுதான் மருந்து. அதைக் கேட்டால் மட்டும் "காய்ச்சல்தான் இல்லையே, இன்னும் எதுக்கு லீவு?" என்று ஆபீஸில் முகம் சுளிக்கிறார்கள். நிற்கவே தெம்பில்லை, நான் என்ன பொய்யா சொல்கிறேன்?