ஜனவரியில் வா என்று ஆகஸ்டில் சொல்வது

எங்கள் பக்கத்து வீட்டுக் கராஜில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் ஐந்து மாதங்கள் கிடந்தது. நாங்கள் வசிப்பது ஹூஸ்டனின் புறநகர் ஒன்றில். கல்லூரி விடுதி அறையில் வைத்துக்கொள்ள அந்த வீட்டுப் பையனுக்கு அவனுடைய பாட்டி வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ் அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதத்தில், பள்ளி ஜிம்மில், பெற்றோர் இருபுறமும் அமர்ந்திருக்க, கல்லூரியின் தொப்பியை அணிந்துகொண்டு அவன் கையெழுத்திட்டான். அமெரிக்கக் கால்பந்து ஆடுவதற்கான உதவித்தொகை அது. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இந்தப் பருவத்தில் இடம் நிரம்பிவிட்டது, ஜனவரியில் வந்து சேர்ந்துகொள் என்றார்கள். கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த அழைப்பு முடிந்த பிறகும் அவன் தந்தை கராஜ் வாசலில் கைப்பேசியைக் கையில் வைத்தபடியே நின்றிருந்ததை நான் என் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தேன்.

இதற்கு அங்கே 'கிரேஷர்ட்' என்று பெயர். பலரும் கேள்விப்பட்டிருக்கும் 'ரெட்ஷர்ட்' வேறு. ரெட்ஷர்ட் ஆட்டக்காரர் கல்லூரியில் சேர்ந்துவிட்டவர். அணியோடு பயிற்சி பெறுவார், உதவித்தொகையும் பெறுவார், அந்த ஆண்டு களத்தில் மட்டும் இறங்கமாட்டார். 2018 முதல் நான்கு ஆட்டங்கள் வரை ஆடவும் அவருக்கு அனுமதி உண்டு. கிரேஷர்ட் ஆட்டக்காரரோ இலையுதிர் பருவத்தில் முழுநேர மாணவராகவே சேர முடியாது. வேண்டுமானால் 12 கிரெடிட்டுக்குக் குறைவாகப் பகுதிநேரமாகப் படிக்கலாம், அதுவும் சொந்தச் செலவில். அணியோடு பயிற்சி இல்லை, அணியின் உணவு இல்லை, அணியின் மருத்துவர் இல்லை. முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்துதான் அவருடைய ஐந்தாண்டு ஆட்டத் தகுதிக் காலம் ஓடத் தொடங்கும் என்பது ஒன்றே அவருக்கு மிஞ்சும் ஆதாயம்.

இந்த வழக்கம் கணக்கு நெருக்கடியில் பிறந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, உயர்மட்டக் கல்லூரிக் கால்பந்து அணி ஒன்றுக்கு மொத்தம் 85 உதவித்தொகை, ஓர் ஆண்டில் புதிதாக 25 பேர் என்று நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. ஜனவரியில் சேர்பவரை அடுத்த ஆண்டின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். சிலர் மதிப்பெண் இல்லாமல் தகுதி இழப்பார்கள், சிலர் வேறு கல்லூரிக்குப் போவார்கள், சிலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவார்கள் என்று கணித்துப் பயிற்சியாளர்கள் இருக்கும் இடங்களைவிட அதிகமானவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். 2009இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஹூஸ்டன் நட் ஒரே ஆண்டில் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகம் ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பான எஸ்இசி அந்த ஆண்டே 28 என்று வரம்பு விதித்தது. 2011இல் அதை 25 ஆகக் குறைத்தது. அதே 2011இல், அந்தக் கூட்டமைப்பின் உறுப்பான ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் தலைவர் பெர்னி மேச்சன் இந்த வழக்கத்தை அறமற்றது என்று பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். பயிற்சியாளர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று பல்கலைக்கழகத் தலைவர்கள் ஒதுங்கியிருந்த காலத்தில் அவர் அதை எழுதினார் என்பதால் எனக்கு அவர் மேல் பெரும் மதிப்பு உண்டு.

எல்லாரும் நல்லபடியாகத் தேறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லலாம். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் விலகவில்லை. விடுதி அறைக்கே குடிவந்துவிட்ட ஒரு முன்வரிசை ஆட்டக்காரரை ஆகஸ்டில் பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் அழைத்து, ஜனவரி வரை தள்ளிப்போடச் சொன்னார். அந்த இளைஞர் மறுத்துக் கென்டக்கிக்குப் போனார். பின்னாளில் அதே லூசியானா அணிக்குத் திரும்பி, நடுவில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டராகத் தொடக்க ஆட்டக்காரரும் ஆனார். இடம் இல்லை என்று சொல்லப்பட்டவரின் திறமையில் குறை இருக்கவில்லை; அவர்கள் போட்ட கணக்கில்தான் குறை இருந்தது. 2012இல் அலபாமாவில், ஓர் ஆண்டுக்கு மேலாக வாக்குக் கொடுத்திருந்த ஓர் இளைஞர் பள்ளி இறுதியாண்டில் முழங்காலில் காயமடைந்தார். கையெழுத்து நாளுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் அவரிடம் கிரேஷர்ட் என்றார்கள். அவரும் கென்டக்கிக்கே போனார்.

சேர்க்கையைத் தள்ளிப்போடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பிரிகம் யங் பல்கலைக்கழக அணியில் பல இளைஞர்கள் தங்கள் திருச்சபையின் ஊழியத்துக்காக இரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டு வந்து ஆடுகிறார்கள். அது அவர்களே தேர்ந்துகொள்ளும் தாமதம், கல்லூரியும் அதை முன்கூட்டியே அறிந்து திட்டமிடுகிறது. அறுவை சிகிச்சையிலிருந்து தேறுபவருக்கு அரை ஆண்டு ஓய்வு வரமாகவே அமையலாம். வேறு எந்த அழைப்பும் வராத ஒருவரிடம், 'உனக்கு ஜனவரியில்தான் இடம், சம்மதமா?' என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டால் அது நேர்மையான பேரம். பதினேழு வயதுப் பையன் மற்ற கல்லூரிகள் அத்தனைக்கும் முடியாது என்று சொல்லி, அந்தக் கதவுகளெல்லாம் மூடிய பிறகு, எண்ணிக்கை பிசகிவிட்டது என்பதைச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யார் விலகுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்கிறார்கள் பயிற்சியாளர்கள். உண்மைதான். ஆனால் அந்த நிச்சயமின்மையின் செலவை, அதைக் கணிக்கும் வேலைக்காகவே சம்பளம் வாங்குபவர்கள் சுமக்காமல், பள்ளிப் படிப்பை முடித்த பையன் ஏன் சுமக்க வேண்டும்?

இதில் கட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது. 2024இல் கைவிடப்படும் வரை புழக்கத்தில் இருந்த தேசிய ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட மாணவர், மனம் மாறி வேறு கல்லூரிக்குப் போனால் ஓராண்டு ஆட்டத் தகுதியை இழக்க நேரும். கையெழுத்து வாங்கிய கல்லூரி ஆகஸ்டில் மனம் மாறினால் அதற்கு ஈடான தண்டனை எதுவும் இல்லை.

இது பழங்கதை அல்ல. என்சிஏஏ மீதான வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, அதை ஏற்ற கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கையில் வரம்பு போய், கால்பந்து அணிப்பட்டியலில் 105 பேர் என்ற வரம்பு வந்தது. அந்த வரம்புக்காக, ஏற்கெனவே அணியில் இருந்தவர்களும் இடம் தருவதாக வாக்குப் பெற்றிருந்த பள்ளி மாணவர்களும் வெளியே தள்ளப்பட்டார்கள். இவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தரமாட்டேன் என்று நீதிபதி நின்றார். அதன் பிறகே அவர்களை வரம்புக் கணக்கில் சேர்க்காமல் அணியில் வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. அது அந்த ஒரு தலைமுறைக்கான விலக்கு. இனி வருபவர்களுக்கு 105 என்பது 105தான், நூற்றாறாவது பையனிடம் ஜனவரியில் வா என்று சொல்லும் ஆசையும் எந்தப் பயிற்சியாளருக்கும் வரும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தள்ளிப்போடும் வாய்ப்பு இருந்தால் அதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் தர வேண்டும். அப்படித் தராமல் பிறகு கேட்டால், அன்றே அந்த மாணவரை எந்த நிபந்தனையும் இல்லாமல் விடுவிக்க வேண்டும். அவர் காத்திருக்கச் சம்மதித்தால் அந்தப் பருவத்தின் படிப்புச் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் கல்லூரி ஏற்க வேண்டும். உதவித்தொகைக்கு உச்சவரம்பே இல்லாத கல்லூரிகள், விதி இடம் தரவில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுப் பையன் அந்த ஐந்து மாதங்களும் ஒரு டயர் கடையில் வேலை செய்தான். விடியுமுன் பள்ளி மைதானத்துக்குப் போய்த் தனியாக ஓடிவிட்டு வருவான். பள்ளி அணியின் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களுக்கு மட்டும் போகமாட்டான், ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய் என்று ஊரே கேட்கும் என்பதால். ஜனவரியில் கல்லூரிக்குப் போனான், ஃபிரிட்ஜும் போனது. இப்போது அவன் தம்பிக்குக் கல்லூரிகளிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. வருகிற பயிற்சியாளர்களிடம் கேட்பதற்கென்று அவன் தந்தை ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் என்னிடம் காட்டினார். 'இவனுக்கு இடம் இல்லாமல் போனால், அதை எந்தத் தேதிக்குள் எங்களுக்குச் சொல்வீர்கள்?' என்பது முதல் கேள்வி. பதிலையும் தேதியையும் அவர்களே கைப்பட எழுதிக் கையெழுத்திட, அதன் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்.